ஜிவ்ரி மண்டி

கப்பல்களுக்குச் சரக்கு சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு இளைஞர்கள் போன வாரம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் வேலை பார்த்த கம்பெனி அல்ல. அது மூடி ரொம்ப காலமாகிறது. ராயபுரத்தில் ஒயின் விஷயம் தெரிந்த கிழவன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் அதிகாரிகள் பிரெஞ்சு சிவப்பு ஒயின் கேட்கிறார்களாம். அதிலும் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையில் செய்ததுதான் வேண்டுமாம். ஆனால் பேர் போன ஊர்களின் விலையைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்களாம். விலையும் கட்டுப்படியாக வேண்டும், குடித்தவன் திட்டவும் கூடாது, எந்த ஊர்ச் சரக்கை வரவழைக்கலாம் என்று கேட்டார்கள்.

ஜிவ்ரி என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஏன் ஜிவ்ரி என்று கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விடை கிடைத்தால் போதும், எழுந்து போய்விடுவார்கள். கேட்டிருந்தால் அன்று சாயங்காலம் வரை அவர்களை உட்கார வைத்திருப்பேன். கேட்காததால் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரன் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் ஒயினோடு புழங்கியிருக்கிறேன். முழுங்கியதைவிடத் துப்பியதே அதிகம். அந்தத் துப்பலுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஒயின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரான்ஸிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வரும் ஒயினை இறக்கி, தெளிய வைத்து, பாட்டிலில் அடைத்து, கப்பல்களுக்கும் துரைமார் கிளப்புகளுக்கும் அனுப்புவது கம்பெனியின் தொழில். யுத்தத்தால் அப்போது புதுச் சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. இருந்ததை வைத்துக் காலத்தை ஓட்டினார்கள். பாட்டில் கழுவினேன், கார்க் அடித்தேன், மூட்டை தூக்கினேன். எல்லோரும் ஆரம்பத்தில் படுகிற பாடுதான். அதைச் சொல்லி இந்தக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

கிடங்கின் தலைவர் ஒரு பாண்டிச்சேரித் தமிழர். பேர் லூர்துசாமி. ஆனால் அவரை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிட்டோம். பாண்டிச்சேரிப் பக்கம் ஐயா என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தொடையில் குண்டு பட்டு, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்து வரை பட்டன். யாரையும் அடித்ததில்லை, உரக்கப் பேசியதில்லை. ஆனாலும் அவர் வந்தால் பீடியைக் காலில் போட்டு மிதிப்போம்.

ராயபுரத்தில் மூக்கை நம்பிப் பிழைப்பது லேசான காரியம் அல்ல. கடற்கரையில் கருவாடு காயும். இன்னொரு பக்கம் தோல் கிடங்கு. நடுவில் ரயில் எஞ்சின் நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். அதனால் முசே காலை வேளையில், நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும்போது மட்டுமே ருசி பார்ப்பார். காற்று திரும்பி உப்பு வாடை வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடி போட்டுவிடுவார். ருசி பார்க்கும் நாட்களில் அவர் சோப்பு போட்டுக் குளிப்பதில்லை. நாங்களும் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. கல்யாணமான புதிதில் நான் ஒருநாள் மல்லிகைப்பூ வாசனையோடு போய்விட்டேன். வாசலிலேயே நிறுத்தி, "தணிகாசலம், நீ இன்னைக்கு வெளியில பாட்டில் கழுவு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பீப்பாயின் அடைப்பைத் திறந்து கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார். வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பார். முகர்வார். பிறகு வாயில் விட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை இழுத்து, புரட்டி, மரத்தூள் போட்ட தட்டில் துப்புவார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்ளும் வரை ஒரு வார்த்தை வராது. துடைத்த பிறகும் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "போவலாம்" என்றால் பாட்டிலில் அடைக்கலாம். "நிக்கட்டும்" என்றால் இன்னும் தெளிய வேண்டும். "கொட்டு" என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். கம்பெனி முதலாளியே எதிரில் வந்து நின்றாலும் அந்தக் கொட்டு மாறாது.

ஒயின் கலங்கலாக இருந்தால் முட்டை வெள்ளைக் கருவை அடித்து பீப்பாயில் ஊற்றுவோம். அது கசடை எல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். வெள்ளைக் கரு பீப்பாய்க்கு, மஞ்சள் கரு எங்களுக்கு. அந்த வாரம் கிடங்கு ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் கரு தின்றே வயிறு உப்பும். அடியில் தங்கும் கசடைத்தான் மண்டி என்போம். மேலே உள்ள தெளிந்த ஒயினை இழுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது அது. குழம்பு மாதிரிச் சிவப்பாக, கெட்டியாக இருக்கும். துரைமார் அதைத் தொட மாட்டார்கள். எங்கள் ஆட்கள் அதற்காகவே சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மண்டிப் பங்கு என்பது அந்தக் கிடங்கின் வழக்கம். நான் சேர்வதற்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் மண்டி சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு பீப்பாய் மண்டியையும் முசே முதலில் தானே ருசி பார்ப்பார். நல்லதாக இருந்தால் பீப்பாய் முகப்பில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சாக்கடைக்கு. அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு ஆளும் கை வைத்தது கிடையாது.

இனி ஜிவ்ரிக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய் என்று நாம் சொல்வதில்லையா, பிரான்ஸில் பர்கண்டிச் சீமையில் ஒயினை அப்படித்தான் ஊர் பேரைச் சொல்லி விற்கிறார்கள். ஒரே பினோ நுவார் திராட்சைதான். ஆனால் ஓர் ஊர்ச் சரக்கு ராஜாக்களுக்குப் போகும், அடுத்த ஊர்ச் சரக்கை ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. ஜிவ்ரி அந்த இரண்டாவது ரகம். பெரிய ஊர்களுக்குத் தெற்கே, பேர் இல்லாத ஒரு சின்ன ஊர். முசே அந்த ஊர்ச் சரக்கை விடாமல் வரவழைத்தார். பெரிய ஊர் வாங்க வசதி இல்லாத இரண்டாம் எஞ்சினியர்களும் சரக்குக் கப்பல் கேப்டன்களும் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த முறை வந்தபோது அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

யுத்தம் முடிந்து முதல் கப்பலில் ஜிவ்ரி வந்து இறங்கிய அன்று அவரிடம் கேட்டேன், பெரிய ஊர் எல்லாம் இருக்க இந்த ஊர் மேல் அப்படி என்ன ஆசை என்று. குண்டு பட்ட பிறகு உடம்பு தேற அவரைச் சில மாதம் அந்தப் பக்கத்தில் தங்க வைத்திருந்தார்களாம். பெரிய ஊர்களில் பட்டாளத்துக்காரனுக்கு, அதிலும் கறுப்பனுக்கு, பீப்பாயைக் கழுவித் தள்ளினதைத் தனிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்களாம். "ஜிவ்ரியில வூட்டுக்காரன் எந்த ஜாடியில குடிச்சானோ அதே ஜாடியிலேர்ந்து எனக்கும் ஊத்தினான். நான் அந்த ஊர மறக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அவர் மண்டியை ஏன் ருசி பார்த்துக் கொடுத்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் ஆட்களுக்கும் ஜிவ்ரி மண்டி என்றால் உயிர். மற்ற ஊர் மண்டி நாக்கைப் பிடிக்கும், கசக்கும். இது அப்படி இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவனும் ஜிவ்ரி என்று சொல்வான்.

அவர்களில் முக்கியமானவர் கன்னியப்பன். பீப்பாய் வேலைக்காரர். திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் வீடு. படகு கட்டும் குடும்பத்தில் பிறந்து, பீப்பாய் பழுது பார்க்க வந்தவர். பலகையைக் கையால் தட்டிப் பார்த்தே எந்த ஊர்ப் பீப்பாய் என்று சொல்வார். ஜிவ்ரி பீப்பாய்க்கு இரும்பு வளையத்தோடு பிளந்த மர வளையமும் போட்டிருப்பார்கள், அதனால் அதை அவர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அண்ணே என்பேன். நான் குடிக்காதவன் என்பதால் என் மண்டிப் பங்கும் அவருக்குத்தான். "நீ நல்லா இருப்ப நைனா" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆசீர்வாதம் செய்வார்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் பட்டணத்துக்கும் மதுவிலக்கு வந்தது. கப்பல்களுக்குக் கொடுக்கலாம், பெர்மிட் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கலாம், மாதா கோயில் பூசைக்குக் கொடுக்கலாம். மற்ற எவன் வாயிலும் ஒரு சொட்டு படக் கூடாது. பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புது மேனேஜர் ஒருவர் வந்தார். கணக்கில் கெட்டிக்காரர், கிடங்கில் எதையும் தொட்டுப் பார்க்காதவர். மண்டிப் பங்கு இனிமேல் கிடையாது, எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

முசே மற்ற ஊர் மண்டியை எல்லாம் ஊற்றினார். ஜிவ்ரியை ஊற்றவில்லை. ஜிவ்ரி பீப்பாய் காலியானால் உடனே கழுவ மாட்டார். நம் ஊர் வெயிலுக்குப் பலகை காய்ந்து விரிந்துவிடும் என்று மண்டியோடு மூடி நிழலில் வைப்பார். முகப்பில் வட்டத்தைப் போடுவார். வாயைத் திறந்து எடுங்கள் என்று சொல்ல மாட்டார். எடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டார். சட்டப்படி அது குற்றம். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மேனேஜர் கிடங்கின் அந்தக் கோடிக்கு வந்ததே இல்லை என்பதால் ஒன்றும் நடக்காமல் இருந்தது.

ஒரு வாரம் முசே தன் அக்காவின் அடக்கத்துக்காகப் பாண்டிச்சேரி போனார். என்னைத் துறைமுகத்துக்குள் கப்பல்களில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் கம்பெனி கப்பல் பெயிண்ட் வியாபாரமும் பார்க்கத் தொடங்கியிருந்தது. பெயிண்டில் கலக்கும் ஸ்பிரிட் தகர டிரம்களில் வரும். பார்க்கத் தண்ணீர் மாதிரி, முகர்ந்தால் சாராயம் மாதிரி. குடித்தால் முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். ஒரு டிரம் ஒழுகியது. வேறு டிரம் கையில் இல்லை. மேனேஜர் வெளியிலிருந்து கூலி ஆட்களைக் கூட்டி வந்து, அங்கே இருக்கும் மட்டமான பீப்பாய் ஒன்றில் ஊற்றி வையுங்கள் என்றார். விலைப் பட்டியலில் எது மட்டமோ அதுதானே அவருக்கு மட்டம். ஜிவ்ரி பீப்பாயில் ஊற்றினார்கள். உள்ளே மண்டி இருந்தது. வெளியே வட்டம் இருந்தது. எழுதி ஒட்டவும் இல்லை, ஒருவரிடம் சொல்லவும் இல்லை.

கன்னியப்பனின் தங்கை பச்சையம்மாள் அதே குப்பத்தில் அடுத்த தெருவில் இருந்தாள். அவள் புருஷன் மாணிக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மச்சான்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு காது குத்து விசேஷத்தில் மனஸ்தாபம் வந்து வெகு நாளாகப் பேச்சு இல்லை. அந்த வாரம்தான் பச்சையம்மாள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாதானம் செய்திருந்தாள். மச்சானுக்கு நல்லதாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கன்னியப்பனுக்கு ஆசை.

சனிக்கிழமை அவர் பீப்பாய்கள் பக்கம் போனார். மர வளையத்தைப் பார்த்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். மண்டியின் சிவப்பு ஸ்பிரிட்டில் ஏறி, ஒயின் நிறமே வந்திருந்தது. கொஞ்சம் காரமாக இருந்ததாம். பழசாகி முறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். நாக்கு சந்தேகப்பட்டது, ஆனால் பீப்பாய் ஜிவ்ரி, வட்டம் முசே போட்டது. வேறு எந்த ஊர்ப் பீப்பாயாக இருந்தாலும் கீழே வைத்திருப்பார். பாட்டிலில் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மாணிக்கத்துக்கு முதல் டம்ளர், நிறைய. தனக்குக் கொஞ்சம். அன்று அவர்கள் வெகு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பச்சையம்மாள் பிறகு போலீஸில் சொன்னாள்.

மறுநாள் மாணிக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துச் செத்துப்போனார். கன்னியப்பனை ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது நல்ல பகல். ஜன்னல் திறந்திருந்தது. வெயில் அவர் மார்பு மேலேயே விழுந்துகொண்டிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினார்.

"தணிகா, அந்த ஜன்னல கொஞ்சம் தொறந்து வுடு நைனா. இன்னாத்துக்கு இப்டி இருட்டுல போட்டு வச்சிகினு கீறாங்க?"

ஜன்னல் பக்கம் போய்க் கதவை ஒரு தரம் சாத்தித் திறந்து சத்தம் காட்டினேன். அவர் வெயில் பட்ட தன் மார்பைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, வுடு" என்றார். கட்டில் காலோடு அவர் காலைச் சங்கிலியில் பிணைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

விஷச் சாராயம் கொடுத்து ஆளைக் கொன்றதாகவும் கம்பெனிக் கிடங்கில் திருடியதாகவும் கேஸ் போடத் தயாராக இருந்தார்கள். கம்பெனி அதில் ஒரு படி மேலே போனது. எங்கள் கிடங்கில் அப்படிப்பட்ட சரக்கே இல்லை, அந்த ஆள் வெளியில் கள்ளச் சரக்கு வாங்கி விற்பவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கன்னியப்பன் கள்ளச் சாராய வியாபாரி என்று ஆனால் வருஷக்கணக்கில் ஜெயில். கண் தெரியாத மனுஷன், சொந்தத் தங்கையின் தாலியை அறுத்தவன் என்ற பேரோடு அங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

முசே திரும்பி வந்ததும் நேராகக் கிடங்கின் கோடிக்குப் போனார். பீப்பாய் இருந்த இடம் காலியாக இருந்தது. வெந்நீர் போடும் அடுப்பில் பலகைகளை எரித்துவிட்டிருந்தார்கள். சாம்பலில் இரும்பு வளையங்கள் மட்டும் கிடந்தன. மர வளையமும் போய்விட்டது, வட்டமும் போய்விட்டது. முசே கோலால் சாம்பலைக் கிளறிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்பதை முசேயே என்னிடம் சொன்னார். கோர்ட்டில் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், குப்பத்து வீட்டில் பிடித்த பாட்டிலைக் காட்டி இது உங்கள் சரக்கா என்று கேட்பார்கள், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் மூக்குக்கு எதிராகப் பேச மதராஸில் ஆள் கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஆமாம் என்று சொன்னால் மதுவிலக்குச் சட்டத்தில் முதலில் உள்ளே போவது நீங்கள்தான், இந்த வயதில் தேவையா என்றும் கேட்டிருக்கிறார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"காத்து திரும்பிடுச்சி, மூடி போடு" என்றார்.

கோர்ட்டுக்கு நானும் போனேன். கன்னியப்பனை இரண்டு போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து கூண்டில் நிறுத்தினார்கள். அவர் மாஜிஸ்திரேட் இருந்த பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். வெள்ளைப் புடவையில் பச்சையம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

முசே அதே கஞ்சி போட்ட கோட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். அதன் மேல் பாட்டிலைச் சாய்த்து அடியில் இருந்த கசடைப் பார்த்தார். கார்க்கை எடுத்து முகர்ந்தார். கோர்ட்டு முழுக்க ஆட்களின் வேர்வை, பழைய காகிதம், யாரோ போட்டிருந்த புகையிலை எல்லாம் சேர்ந்து நாறியது. இந்த நாற்றத்தில் அவரால் எப்படி முடியும் என்று நான் கவலைப்பட்டேன். விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். மாஜிஸ்திரேட் பதறிப்போய் வேண்டாம் என்றார். அதற்குள் முசே கைக்குட்டையில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டுவிட்டார்.

சர்க்கார் வக்கீல், இது உங்கள் கிடங்குச் சரக்கா என்று கேட்டார்.

"மேல இருக்கிறது பெயிண்ட்டு ஸ்பிரிட்டு. அடியில இருக்கிறது ஜிவ்ரி. பட்டணத்துல ஜிவ்ரி எங்க கிடங்குல மட்டும்தான் இருந்துச்சி."

அது எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றார் வக்கீல்.

"அந்த ஊர நான் மறந்ததில்ல."

அப்படியானால் இந்த ஆள் திருடியிருக்கிறார் என்று வக்கீல் எடுத்துக் கொடுத்தார். முசே எதிர்க் கூண்டில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் குரல் வந்த பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"திருடல. வட்டம் போட்ட பீப்பாயில எடுத்துக்கலாம்னு வழக்கம் வச்சது நான். மதுவிலக்கு வந்த பொறவும் நான் வட்டம் போட்டேன். அந்த பீப்பாயில போட்டதும் நான்தான். வட்டத்த நம்பி எடுத்தான்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். நீங்கள் சொல்வது உங்களையே கேஸில் மாட்டிவிடும், சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்று எச்சரித்தார். "தெரியும் ஐயா, எழுதிக்குங்க" என்றார் முசே. ஸ்பிரிட்டை அதில் ஊற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே, மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். அவர் இந்தக் கேஸில் சாட்சி இல்லை என்று வக்கீல் சொன்னார். அதோடு அது முடிந்தது.

வராந்தாவில் பச்சையம்மாள் என்னை மறித்துக்கொண்டாள்.

"அண்ணன் திருடல, பெரியவரும் நல்லதுன்னு நெனச்சிதான் குடுத்தாரு. எல்லாம் நல்லவங்களா கீறாங்க. அப்போ என் வூட்டுக்காரர சாவடிச்சது யாருப்பா?"

மேனேஜரின் கார் அப்போதுதான் காம்பவுண்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவளுக்கு அது வெறும் கார்தான். திரும்பவும் அதையே கேட்டாள்.

முசேக்குச் சில மாதம் ஜெயில். வெளியே வந்ததும் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். பிறகு சென்னைப் பக்கம் வரவே இல்லை. மேனேஜர் பம்பாய்க்குப் பெரிய வேலைக்குப் போனார். முசே உட்கார்ந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பிள்ளைகுட்டிக்காரன், உட்கார்ந்தேன். ஜிவ்ரியை வரவழைப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. மண்டியை என் கையாலேயே சாக்கடையில் ஊற்றினேன்.

கன்னியப்பனை விடுதலை செய்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அவர் தெரிந்து செய்யவில்லை, வழக்கப்படி எடுத்திருக்கிறார், மதுவிலக்குக் குற்றத்துக்கு இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள். கூட்டிப் போக வேறு யாரும் வரவில்லை. அவர் மனைவிக்கு அன்றும் கருவாட்டுக் கூலி வேலை இருந்தது. நான்தான் பஸ்ஸில் ஏற்றித் திருவொற்றியூரில் இறக்கினேன். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. விடுதலை ஆகிவிட்டதே அண்ணே, இனிமேல் யாரும் உன்னைத் திருடன் என்று சொல்ல முடியாது, கொலைகாரன் என்று சொல்ல முடியாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். முசே போட்ட உயிர்ப்பிச்சை என்றேன். அவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் என் தோளை அழுத்தி நிறுத்தினார்.

"தங்கச்சி வூடு வந்தா சொல்லு நைனா."

போய்ப் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"இல்ல. தலைய குனிஞ்சிக்கிறேன். எனக்குத்தான் கண்ணு தெரியாது, அதுக்குத் தெரியுமில்ல."

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வந்துவிட்டது அண்ணே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் அந்த வீட்டைக் கடந்து, தெருவைக் கடந்து, அவர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. இனி நிமிரலாம் என்று நானும் சொல்லவில்லை.